பேஸ் வாசிக்கிறவர் குழு மாறிக்கொண்டே இருந்தால் பெயர் கெட்டுவிடுமா?

தம்பி, நீங்கள் கேட்டது ஜான் வெட்டனைப் பற்றி. கிங் கிரிம்சன், யூரியா ஹீப், ஏசியா என்று அந்த பேஸ் கிட்டார் கலைஞர் குழுவுக்குக் குழு மாறிக்கொண்டே இருந்தாரே, அது அவருடைய குணமா, இல்லை இந்தத் தொழிலே அப்படித்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் மூன்று குழுக்களில் வாசித்தாகிவிட்டது, இப்போது ஈப்போவில் ஒரு ரோக் குழு கூப்பிடுகிறது, பழைய நண்பர்கள் ‘குழு தாவுறவன்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள், அம்மாவும் ‘ஒரு இடத்துல நிலைக்க மாட்டியா’ என்கிறார். குழு மாறுவதால் ஒரு பேஸ் கலைஞனுக்குப் பெயரும் பிழைப்பும் கெடுமா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கே பதில் சொல்கிறேன். வெட்டனை வைத்தே சொல்லலாம், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

நான் பேராக்கில் பல வருடங்களாக பேஸ் வாசிக்கிறவன். கோயில் திருவிழா மேடை, கல்யாண மண்டபம், ஈப்போ ஹோட்டல்கள், மலாய் ரோக் குழுக்கள் என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். இப்போது சொல்லிக்கொடுப்பதுதான் முக்கிய வேலை. வெட்டனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, விரல் விரலாக எடுத்துப் பழகியவன் என்பதால் அவர் என்ன வாசித்தார் என்பதை உறுதியாகச் சொல்வேன். எந்தக் குழுவை விட்டு என்ன மனநிலையில் வெளியே வந்தார் என்பது வேறு விஷயம். அங்கே நான் சொல்வது ஊகம்தான், அதை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

வெட்டன் 1949 ஜூன் 12 அன்று இங்கிலாந்தின் டெர்பிஷையரில் பிறந்தவர். வளர்ந்தது தெற்குக் கடற்கரை ஊரான போர்ன்மத்தில். அண்ணன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். வீட்டில் அண்ணன் பயிற்சி செய்யும்போது, ஆர்கனில் காலால் மிதித்து வாசிக்க வேண்டிய கீழ் ஸ்வரங்களைத் தம்பி பியானோவில் வாசித்துக் கொடுப்பாராம். இது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. நம்மில் பெரும்பாலோர் பேஸுக்கு வருவது, குழுவில் கிட்டாருக்கு ஏற்கெனவே இரண்டு பேர் இருப்பதால். வெட்டனோ சிறு வயதிலேயே கீழ் ஸ்வரத்தைப் பாட்டைத் தாங்கி ஓடும் தனி மெட்டாகக் கேட்டுப் பழகியிருக்கிறார். அந்த ஊரில் பள்ளித் தோழராக இருந்த ரிச்சர்ட் பாமர்-ஜேம்ஸ்தான் பிறகு கிங் கிரிம்சன் பாடல்களுக்கு வரிகள் எழுதியவர். இந்த நட்பைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

1971இல் மோகல் த்ராஷ் என்ற குழுவோடு ஒரே ஒரு இசைத்தட்டு. அதே ஆண்டு ஃபேமிலி என்ற குழுவில் சேர்ந்து இரண்டு இசைத்தட்டுகள். 1972இல் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் கிங் கிரிம்சனைப் புதிதாகக் கட்டியபோது வெட்டன் அங்கே போனார். டிரம்ஸுக்கு யெஸ் குழுவை விட்டு வந்த பில் புரூஃபோர்ட், வயலினுக்கு டேவிட் கிராஸ், தாளக் கருவிகளுக்கு ஜேமி மியூர். வெட்டனுக்கு பேஸ் மட்டுமில்லை, பாட்டும் அவர்தான். மேடையில் ஏறி, என்ன வாசிக்கப் போகிறோம் என்று முடிவு செய்யாமலே வாசித்துக் கட்டும் குழு அது. வெட்டனும் புரூஃபோர்டும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தைப் ‘பறக்கும் செங்கல் சுவர்’ என்று ஃபிரிப்பே சொல்லியிருக்கிறார்.

1974இல் வந்த ரெட் இசைத்தட்டின் கடைசிப் பாட்டான ஸ்டார்லெஸை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். 12 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. அதன் மெதுவான முதல் பகுதியை வெட்டன் முந்தைய இசைத்தட்டுக்கே கொண்டுவந்தார், அப்போது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கச்சேரிகளில் வாசித்து வாசித்து நீட்டினார்கள். குரல் நின்றதும் நடுப்பகுதி தொடங்குகிறது. பேஸ் 13 எண்ணிக்கையில் ஒரு சுற்றை எடுத்து, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. மேலே கிட்டார் ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. அந்த பேஸ் சுற்றை அமைத்தவர் டிரம்ஸ்காரர் புரூஃபோர்ட். வெட்டனின் சொந்தப் பாட்டில், வெட்டனை உலகம் நினைவு வைத்திருக்கும் பேஸ் வரி இன்னொருவர் கொடுத்தது. அதை அவர் மறுக்கவில்லை, மாற்றவும் முயலவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் கூடுகிறது, ஆம்ப்ளிஃபையரின் கரகரப்பு ஏறுகிறது, சுற்றின் வடிவம் மட்டும் இம்மி அசைவதில்லை. மாணவர்களுக்கு இந்தப் பகுதியைக் கொடுத்தால் நான்காவது ஐந்தாவது சுற்றிலேயே கை துறுதுறுத்து ஏதாவது சேர்த்துவிடுவார்கள். சேர்த்த உடனே ஃபிரிப்பின் ஒற்றை ஸ்வரத்துக்கு நிற்க இடமில்லாமல் போய்விடும். ஒருவர் எத்தனை குழுவில் இருந்தார் என்பதை வைத்து நிலையில்லாதவர் என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்த சில நிமிடங்களைக் கேட்க வேண்டும்.

அந்த இசைத்தட்டு கடைக்கு வருவதற்கு முன்பே ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார். வெட்டனுக்கு அப்போது வயது 25. வாழ்நாளின் சிறந்த வேலையை முடித்த கையோடு வேலை போய்விட்டது. ‘தாவினார்’ என்று சொல்ல இங்கே என்ன இருக்கிறது? காலடியில் இருந்த பலகையே போய்விட்டது.

அடுத்த இரண்டு வருடங்கள் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். ராக்ஸி மியூசிக் குழுவின் சுற்றுப்பயணங்களில் பேஸ், அந்தக் குழுவின் பாடகர் பிரையன் ஃபெர்ரியின் தனி இசைத்தட்டுகளிலும் பேஸ். ராக்ஸியில் 13 எண்ணிக்கைக்கெல்லாம் வேலையில்லை, பாட்டுக்கு அடியில் அடக்கமாக நிற்க வேண்டும். அதையும் ஒழுங்காகச் செய்தார். 1975இல் யூரியா ஹீப் குழுவில் பழைய பேஸ்காரர் கேரி தெய்னின் இடத்துக்கு வந்தார். அந்தக் குழுவோடு வெட்டன் வாசித்த முதல் இசைத்தட்டு பிரிட்டனில் 7ஆம் இடம் வரை போனது, அந்தக் குழு அங்கே எட்டிய உயரமான இடம் அது. 1976இல் ஹீப்பின் பாடகர் டேவிட் பைரனை வெளியே அனுப்பினார்கள், அந்தச் சமயத்தில் வெட்டனும் கிளம்பிவிட்டார். ஹீப்பில் அவர் மனம் ஒட்டவில்லை என்பது என் ஊகம். இசைத்தட்டுகளில் பேஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் பாடவும் எழுதவும் தெரிந்த ஆளுக்கு அங்கே பாடுகிற இடத்தில் வேறொருவர் இருந்தார்.

அவர் அடுத்துக் கட்டிய யூ.கே. என்ற குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். டிரம்ஸுக்குக் கிரிம்சனில் உடன் இருந்த புரூஃபோர்ட். கீபோர்டுக்கும் வயலினுக்கும் ராக்ஸியில் உடன் வாசித்த எடி ஜாப்சன். கிட்டாருக்கு ஆலன் ஹோல்ட்ஸ்வர்த். 1978இல் முதல் இசைத்தட்டு வந்தது. புரூஃபோர்டும் ஹோல்ட்ஸ்வர்த்தும் சீக்கிரமே விலகிவிட, டெரி போஸியோ டிரம்ஸுக்கு வந்து, மூவராகவே 1979 வரை ஓட்டினார்கள். உடைந்துபோன ஒவ்வொரு குழுவிலிருந்தும் வெட்டன் ஒரு ஆளைச் சம்பாதித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் முதலில் சொன்ன பள்ளித் தோழர் கதையும் இதே வகை. அவர் குழுக்களை விட்டார், ஆட்களை விடவில்லை. இதுதான் நீங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம்.

1981இல் விஷ்போன் ஆஷ் குழுவோடு ஓர் இசைத்தட்டு, அதில் அவர் முன்னின்று பாடியது ஒரே பாட்டு. அதே வருடம் ஏசியா உருவானது. யெஸ் குழுவிலிருந்து ஸ்டீவ் ஹவ்வும் ஜெஃப் டவுன்ஸும், எமர்சன் லேக் அண்டு பாமர் குழுவிலிருந்து கார்ல் பாமரும். 1982இல் வந்த முதல் இசைத்தட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் முதல் பாட்டு ஹீட் ஆஃப் த மொமென்ட், வெட்டனும் டவுன்ஸும் சேர்ந்து எழுதியது, ஒற்றைப் பாடல்கள் பட்டியலில் 4ஆம் இடம். நான்கு பேருமே பழைய குழுக்களை விட்டு வந்தவர்கள். அவர்களில் ஒருவராவது ‘இருந்த இடத்திலேயே இருப்போம்’ என்று நினைத்திருந்தால் அந்த இசைத்தட்டு வந்திருக்காது.

நல்ல பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் உங்களை ஏமாற்றுவதாகும். 1983இல், இரண்டாவது இசைத்தட்டுக்குப் பிறகு, வெட்டன் ஏசியாவில் இல்லை. விலகினாரா, விலக்கினார்களா என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்த டிசம்பரில் தோக்கியோ புடோக்கான் அரங்கில் நடந்த கச்சேரியில் அவர் இடத்தில் நின்றவர் கிரெக் லேக். அதே கடற்கரை வட்டாரத்துக்காரர், வெட்டனுக்கு முன்னால் கிரிம்சனில் பேஸ் வாசித்துப் பாடியவர். அடுத்த வருடம் வெட்டன் திரும்பி வந்தார், ஆனால் ஹவ் இல்லை, குழுவின் வேகமும் குறைந்துவிட்டது. குடிப் பழக்கத்தோடு நீண்ட காலம் போராடியதை வெட்டனே பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதிலிருந்து மீண்டு, 2006இல் அதே நான்கு பேரும் மறுபடி சேர்ந்தார்கள். 2007இல் இதய அறுவை சிகிச்சை, 2008இல் புதிய இசைத்தட்டு. 2017 ஜனவரி 31 அன்று குடல் புற்றுநோயால் காலமானார். அவரை நிஜமாகவே தடுமாற வைத்தது குடிதான், குழு மாற்றங்கள் இல்லை. ஷோ முடிந்ததும் வேனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெட்டனின் குழுக்களை வரிசையாகப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ராக்ஸி, ஹீப், விஷ்போன் ஆஷ் ஆகியவற்றில் அவர் மற்றவர்கள் கட்டிய வீட்டுக்கு வந்தவர். கிரிம்சன், யூ.கே., ஏசியா ஆகியவற்றில் பங்காளி. முதல் வகையில் நேரத்துக்கு வந்து, சொன்னதைச் சுத்தமாக வாசித்து, பேசிய காசை வாங்கிக்கொண்டு போனால் போதும், அங்கே விலகுவது துரோகம் கிடையாது. இரண்டாம் வகையில் பாட்டு உங்களுடையது, கடனும் உங்களுடையது, உடைந்தால் வலியும் உங்களுடையது. நம் ஊர்க் குழுக்களில் சண்டை வருவதே இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான். ஸ்பீக்கர் பெட்டி, மிக்சர், வேன் எல்லாம் தலைவர் பேரில் இருக்கும், ஷோ பேசுவதும் அவர்தான், பேஸ்காரருக்குக் கையில் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) கொடுப்பார். விலகுகிறேன் என்றதும் ‘நாம குடும்பம் மாதிரி இருந்தோமே’ என்பார். குடும்பம் என்றால் கணக்கையும் காட்டியிருக்க வேண்டும்.

பினாங்கின் ஆலிகேட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் முன்னால் நின்ற குழு. மற்ற கலைஞர்கள் வந்தார்கள், போனார்கள், சகோதரர்கள் நின்றார்கள். 2007இல் லோகநாதன் காலமான பிறகும் டேவிட் அந்தப் பெயரைத் தொடர்ந்தார். குழு யாருடையது என்பது தெளிவாக இருந்தால் ஆள் மாறுவது யாருக்கும் அவமானமாகத் தெரியாது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்துக் குழுக்கள் கலைவதற்கு பேஸ்காரர் காரணமாக இருப்பது அபூர்வம். ரப்பர் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டானபோது சனங்கள் தோட்டத்து லய வீடுகளை விட்டு டவுனுக்கு வந்தார்கள், பிள்ளைகள் தொழிற்சாலை ஷிஃப்டுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். டிரம்ஸ்காரருக்கு ராத்திரி ஷிஃப்ட் மாறினாலே பயிற்சி நின்றுபோகும். உங்கள் முதல் குழு எப்படி நின்றது என்று நீங்கள் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதுதான். அதை உங்கள் பேரில் எழுதாதீர்கள். இந்த டவுனில் கிட்டாருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள், பேஸுக்கு ஆள் தேட வேண்டும். அதனால்தான் உங்களை அடிக்கடி கூப்பிடுகிறார்கள்.

ஈப்போ குழுவில் சேர்வதற்கு முன் என் கைப்பழக்கத்திலிருந்து ஒரு விஷயம். நம் தோட்ட மண்டபங்களில் தகரக் கூரையின் கீழ் வாசித்துப் பழகியவர்கள் அடிச்சத்தத்தை நிறைய ஏற்றிவிடுவார்கள். விரல் வைக்காமல் தட்டும் ஈ தந்தி, அதாவது பேஸின் மிகக் கீழான தந்தி, சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தச் சத்தத்தை ஏற்றினால் கூரை அதிரும், கிக் டிரம்மும் பேஸும் ஒன்றாகக் கலந்து கூழாகும், என்ன ஸ்வரம் வாசித்தீர்கள் என்று முதல் வரிசைக்கே தெரியாது. வெட்டனின் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கேட்டால் நடுச்சத்தம் முன்னால் நிற்பது தெளிவாகத் தெரியும். நடுவை ஏற்றி அடியைக் குறைத்துப் பாருங்கள். ஆறு பேர் சேர்ந்து சத்தம் போடும் மேடையிலும் உங்கள் வரி தனியாகக் கேட்கும். புதுக் குழுவில் முதல் பயிற்சியிலேயே இது உங்களுக்குப் பெயர் வாங்கித் தரும். பாடவும் பழகுங்கள், குறைந்தது இரண்டாம் குரலாவது. வாசித்துக்கொண்டே பாடும் பேஸ்காரரைக் குழு லேசில் விடாது. எனக்குத் தெரிந்த வழி, முதலில் பேஸ் வரியை யாரோடாவது பேசிக்கொண்டே வாசிக்க முடிகிற அளவுக்குக் கையில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பது.

நீங்கள் சொந்தப் பாட்டும் எழுதுவதாகச் சொன்னீர்கள். அது பங்காளி விஷயம், அங்கே வாய்ப்பேச்சு போதாது. வெட்டன் பல குழுக்களுக்கு பேஸ் வாசித்தார், ஆனால் எழுத்தாளராகப் பெயர் போட்ட பாடல்களுக்குக் குழுவை விட்ட பிறகும் எழுத்தாளருக்கான உரிமைப் பணம் தொடர்ந்து வரும். மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியோ பதிவு செய்தோ நிலையான வடிவம் பெற்ற படைப்புக்கு உரிமை தானாகவே உண்டு. விரும்பினால் அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் அறிவிப்புப் பதிவு செய்து வைக்கலாம். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைப் பணம் வசூலிக்க எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு இருக்கிறது. குறைந்தபட்சம், பாட்டு முடிந்த அன்றைக்கே யார் எழுதியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஈப்போ குழு ஒப்பந்தம் ஏதாவது நீட்டினால் என்னிடம் கேட்காதீர்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நான் பேஸ்காரன், சட்டம் படித்தவன் கிடையாது.

ஆகவே போகலாமா என்றால், போகலாம். போவதற்கு முன் அவர்களிடம் நேராகக் கேளுங்கள்: நான் சம்பளத்துக்கா, பங்குக்கா? பதில் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, மழுப்பினால் மட்டும் யோசியுங்கள். பழைய குழுவுக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட ஷோ எத்தனை இருந்தாலும், அதுவும் திருவிழாத் தேதி என்றால் கட்டாயம், வாசித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் இடத்துக்கு வரப்போகிற பையனுக்குப் பாட்டுகளின் கோர்டு வரிசையையும் ஸ்கேலையும் எழுதிக் கொடுங்கள், முடிந்தால் ஒருநாள் கூட உட்கார்ந்து காட்டுங்கள். நான் பார்த்தவரைக்கும் ‘தாவுறவன்’ என்ற பேர் ஒட்டிக்கொள்வது தேதிக்கு வராமல் காலை வாரியவர்களிடம்தான். கடைசி ஷோவுக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவரை அதே தலைவர்தான் அடுத்த வருடம் ஆள் குறைந்தால் முதலில் கூப்பிடுகிறார். இப்படிச் செய்யப் போகிறேன் என்று அம்மாவிடமும் சொல்லுங்கள். அவர் கேட்பது நீங்கள் எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதை இல்லை, சொன்ன வாக்கில் நிற்கிறீர்களா என்பதைத்தான் என்று நினைக்கிறேன்.